கிரஹாம் பெல்லும் மெட்டல் டிடெக்டரும்

நம் சங்கத்தின் மலருக்கு இம்முறை ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். யாரை எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில், ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கும் நம் செட் நண்பர்கள் இரண்டு பேர் அடுத்தடுத்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். விக்டோரியா மாநிலத்தில் பழைய தங்க வயல்கள் நிறைய உண்டு. சனி, ஞாயிறுகளில் அங்கே போய்த் தங்கம் தேடுவது அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு, நம்ம ஊரில் தூண்டில் போடுகிற மாதிரி. அதற்கு ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்க வேண்டும். எதை வாங்கலாம்? நான் சென்சார்களோடு மாரடிக்கிறவன் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது.

அதற்கு விடை தேடப் போய், அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லின் வாழ்க்கையில் 1881-ம் ஆண்டுக் கோடை எனக்குக் கிடைத்தது. பெல்லா, அவர் டெலிபோன்காரராச்சே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அவரேதான். டெலிபோனுக்கு அடுத்து அவர் மிக அவசரமாக, ஒரு நாடே காத்திருக்கச் செய்த கருவி மெட்டல் டிடெக்டர். அது தோற்ற கதையைத் தெரிந்துகொண்டால், இன்று எந்த டிடெக்டரை வாங்குவது என்பதும் பாதி தெரிந்துவிடும்.

காதோடு வளர்ந்த பிள்ளை

பெல் 1847 மார்ச் 3-ம் தேதி ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். அப்பா மெல்வில் பெல் பேச்சுக்கலை ஆசிரியர். நாக்கும் உதடும் தொண்டையும் எந்த ஒலிக்கு எப்படி அசைகின்றன என்பதை எழுத்துக் குறிகளாக எழுதிக் காட்டும் ஒரு முறையை உருவாக்கி, 1867-ல் புத்தகமாக வெளியிட்டவர். அம்மா எலைசாவுக்குக் காது சரியாகக் கேட்காது; ஆனாலும் நன்றாகப் பியானோ வாசிப்பார். பிள்ளை அம்மாவின் நெற்றிக்கு அருகே வாயைக் கொண்டுபோய், தாழ்ந்த குரலில் பேசுவானாம். ஒலி என்பது காற்றின் அதிர்வு, அதைக் காது வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை என்பதை அந்தப் பிள்ளை வீட்டிலேயே கற்றுக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் அவர் அப்படியொன்றும் முதல் ரேங்க் மாணவர் இல்லை. இந்தச் செய்தி நம்மில் சிலருக்கு ஆறுதலாக இருக்கும்.

பெல்லுக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. 1867-ல் தம்பியையும் 1870-ல் அண்ணனையும் காசநோய் கொண்டுபோயிற்று. மிஞ்சிய ஒரே மகனையாவது காப்பாற்ற வேண்டும் என்று பெற்றோர் அதே 1870-ல் கப்பல் ஏறிக் கனடா போய், ஒன்டாரியோவில் பிரான்ட்ஃபோர்ட் என்ற ஊரில் குடியேறினார்கள். மறு வருஷமே பெல் பாஸ்டன் நகரில் காது கேளாதோர் பள்ளியில் ஆசிரியரானார். பகலில் பாடம், ராத்திரி முழுக்கக் கம்பியும் பேட்டரியும். ஒரே தந்திக் கம்பியில் பல செய்திகளை ஒரே சமயத்தில் அனுப்புவதுதான் அவர் முதலில் முயன்றது. அந்த வழியில் போனபோது குரலையே கம்பியில் அனுப்பலாம் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. கைவேலைக்கு தாமஸ் வாட்சன் என்ற இளைஞர் கிடைத்தார். 1876 மார்ச் 7-ம் தேதி காப்புரிமை எண் 174,465 கைக்கு வந்தது; மூன்று நாள் கழித்து முதல் வாக்கியம் கம்பியில் போயிற்று.

அதன் பின் வழக்குகள் வந்தன. பெல் மனுப்போட்ட அதே 1876 பிப்ரவரி 14-ம் தேதிதான் எலைஷா கிரே என்பவரும் தன் குறிப்பைப் பதிவு செய்திருந்தார். பல ஆண்டுகள் கோர்ட்டுப் படியேறி, 1888-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெல் பக்கம் தீர்ப்புச் சொன்னது. டெலிபோனுக்கு யார் உண்மையான சொந்தக்காரர் என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. அது வேறு கதை.

1877-ல் பெல் தன் மாணவி மேபல் ஹப்பர்டை மணந்தார். ஐந்து வயதில் விஷக்காய்ச்சலில் கேட்கும் சக்தியை இழந்தவர் மேபல். டெலிபோன் கண்டுபிடித்தவரின் அம்மாவும் மனைவியும் அதில் ஒரு வார்த்தை கூடக் கேட்க முடியாதவர்கள் என்பதை என்னவென்று சொல்வது? 1880-ல் பிரான்ஸ் அரசு அவருக்கு வோல்ட்டா பரிசாக 50,000 ஃபிராங்க் கொடுத்தது. அந்தப் பணத்தில் வாஷிங்டனில் ஒரு லேப் தொடங்கினார். சம்னர் டெய்ன்டர் என்ற கருவி வல்லுநர் கூட்டாளியாகச் சேர்ந்தார்.

ஸ்டேஷனில் துப்பாக்கிச் சூடு

1881 ஜூலை 2, சனிக்கிழமை காலை. பதவியேற்று நான்கே மாதம் ஆன அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட், வாஷிங்டன் ரயில்வே ஸ்டேஷனில் ரயிலேற வந்திருந்தார். பதவி கிடைக்காத ஆத்திரத்தில் சார்ல்ஸ் கிட்டோ என்பவன் பின்னாலிருந்து இரண்டு முறை சுட்டான். ஒரு குண்டு கையை உரசிக்கொண்டு போயிற்று. இன்னொன்று முதுகின் வலப்புறம் நுழைந்து உள்ளேயே தங்கிவிட்டது.

குண்டு எங்கே இருக்கிறது? நாடு முழுக்க இதே பேச்சு. எக்ஸ்ரே வர இன்னும் பதினாலு வருஷம் இருந்தது. டாக்டர்கள் கழுவாத விரலையும் கழுவாத கம்பியையும் காயத்துக்குள் விட்டுத் துழாவினார்கள். கிருமியைக் கொன்று காயத்தைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று லிஸ்டர் 1867-லேயே எழுதியிருந்தார். அமெரிக்க டாக்டர்கள் பலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிகிச்சைக்குத் தலைமை ஏற்றவர் டாக்டர் பிளிஸ். குண்டு வயிற்றின் வலப்புறத்தில் இருக்கிறது என்பது அவர் முடிவு.

வெள்ளை மாளிகையில் புழுக்கம் தாங்கவில்லை. கடற்படை இன்ஜினீயர்கள் ஐஸ் கட்டி, ஈரத்துணி, விசிறி இவற்றை வைத்து ஜனாதிபதியின் அறையைக் குளிரவைக்க ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஏர்கண்டிஷனர் என்ற வார்த்தையே இல்லாத காலம் அது. இந்தக் கலவரத்துக்கு நடுவில் பாஸ்டனில் இருந்த பெல்லுக்கு ஒரு யோசனை தோன்றியது. அப்போது அவருக்கு வயசு முப்பத்து நாலு. நம் செட்டில் பலருக்கு இன்று அந்த வயசுதான்.

தராசும் டெலிபோனும்

டெலிபோன் கம்பிக்குப் பக்கத்தில் தந்திக் கம்பி போனால் இரைச்சல் கேட்கும். இந்த இரைச்சலைப் போக்க, 1877-ல் இங்கிலாந்து போயிருந்தபோதே பெல் கம்பிச்சுருள்களை வைத்துச் சோதனை செய்திருந்தார். ஒரு சுருளில் எழும் மின்சாரத்தை இன்னொரு சுருளில் எழும் எதிர் மின்சாரத்தால் அடித்துவிட்டால் சத்தம் நின்றுவிடும். அப்படி நின்றிருக்கும்போது ஓர் உலோகத்துண்டைப் பக்கத்தில் கொண்டுவந்தால் மீண்டும் சத்தம் வரும். லண்டனில் டேவிட் ஹியூஸ் என்ற விஞ்ஞானியும் 1879-ல் இதே தத்துவத்தில் இண்டக்ஷன் பேலன்ஸ் என்ற கருவியைச் செய்து காட்டியிருந்தார். வானியல் அறிஞர் சைமன் நியூகோம்பும் மின்சாரத்தால் குண்டைத் தேடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். பெல் அவரைத் தொடர்புகொண்டு, வாஷிங்டன் வந்து, டெய்ன்டரோடு வேலையில் இறங்கினார்.

கருவியின் வேலை முறை எளிது. முதல் சுருளுக்கு பேட்டரியிலிருந்து விட்டு விட்டுக் கரண்ட் போகும். அதன் காந்தப்புலம் இரண்டாம் சுருளில் கரண்டை எழுப்பும். இரண்டாம் சுருளோடு ஒரு டெலிபோன் ரிசீவர் இணைந்திருக்கும். சுருள்களைச் சரியான நிலையில் வைத்தால் எழும் கரண்ட் ஒன்றையொன்று அடித்துப்போய், ரிசீவர் மௌனமாகிவிடும். தராசின் முள் நடுவில் நிற்கிற மாதிரி. பக்கத்தில் உலோகம் வந்தால் அதிலும் சுழல் கரண்ட் எழுந்து புலத்தைக் கலைக்கும். முள் சாயும், காதில் சத்தம் வரும். தட்டையான இரண்டு சுருள்களைப் பாதி ஒன்றன்மேல் ஒன்று படும்படி வைப்பதே மேல் என்று பெல் கண்டார். இன்று கடையில் டபுள்-டி காயில் என்று விற்கிறார்களே, அதன் கொள்ளுத்தாத்தா அதுதான்.

பெல்லும் டெய்ன்டரும் ராப்பகலாக உழைத்தார்கள். குண்டை இறைச்சிக்குள் புதைத்து வைத்துத் தேடினார்கள். உள்நாட்டுப் போரில் வாங்கிய குண்டை உடம்பில் சுமந்துகொண்டிருந்த பழைய சிப்பாய்களை அழைத்து, அவர்கள் மேல் சோதித்தார்கள். கருவி குண்டைச் சரியாகக் காட்டிற்று. மொத்தத்தில் லேபில் பாஸ்.

இரண்டு சோதனைகள்

ஜூலை 26-ம் தேதி மாலை பெல் வெள்ளை மாளிகைக்குள் கருவியோடு நுழைந்தார். காதில் ரிசீவரை வைத்துக் கேட்டார். லேபில் வராத ஒரு கரகரப்பு விடாமல் வந்தது. குண்டின் குரல் எது, கரகரப்பு எது என்று பிரிக்க முடியவில்லை. திரும்பி வந்து பார்த்தால், அவசரத்தில் கண்டென்சர் சரியாக இணைக்கப்படவில்லை என்று தெரிந்தது. லேபில் ஒழுங்காக ஓடுகிற சர்க்யூட் டெமோவில் மட்டும் மக்கர் பண்ணும் என்பது நாம் எல்லோரும் பிராக்டிகல் பரீட்சையில் பார்த்ததுதான். பெல்லுக்கு எக்ஸ்டர்னலாக வந்து நின்றது ஒரு நாடு.

ஆகஸ்ட் 1-ம் தேதி மறுபடி முயன்றார்கள். இந்த முறை கரகரப்பு இல்லை. ஆனால் ஒரு புள்ளியில் வர வேண்டிய சத்தம், ஒரு பெரிய பரப்பு முழுக்க மெல்லிசாக வந்தது. லேபில் இப்படி வந்ததே இல்லை. பெல்லுக்கு உறுத்தியது. மறுநாள் விசாரித்தார். ஜனாதிபதி படுத்திருந்த குதிரைமயிர் மெத்தைக்குக் கீழே இரும்புக் கம்பியால் பின்னிய இன்னொரு மெத்தை இருந்தது என்று அப்போதுதான் தெரிய வந்தது! அந்த நாளில் இப்படிப்பட்ட மெத்தை எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

கார்ஃபீல்டின் உடம்பு நாளுக்கு நாள் மோசமாயிற்று. செப்டம்பர் 19-ம் தேதி நியூஜெர்சியில் கடற்கரையோரம் ஒரு வீட்டில் அவர் உயிர் பிரிந்தது. பிரேதப் பரிசோதனையில் உண்மை வெளியே வந்தது. குண்டு முதுகெலும்பைத் துளைத்துக்கொண்டு இடப்பக்கம் போய், கணையத்துக்குப் பின்னால் ஆழத்தில் கிடந்தது. பெல்லைத் தேட விட்டதோ வலப்பக்கம் மட்டும். குண்டைச் சுற்றி உடம்பே ஒரு உறை போட்டு மூடிவிட்டிருந்தது. உயிரைக் குடித்தது காயத்தில் ஏறிய சீழும் நஞ்சும்தான். சும்மா விட்டிருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும் என்று இன்றைய மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள்.

தோற்றது எது?

மெத்தைக் கம்பிதான் பெல்லைக் கவிழ்த்தது என்று பல புத்தகங்களில் இருக்கிறது. கதைக்கு அது வசதி. ஆனால் பெல் அதோடு விடவில்லை. அதே மாதிரி ஒரு மெத்தையை வரவழைத்துத் தானே சோதித்துப் பார்த்தார். மெத்தை ஒன்றே காரணம் என்று அவர் முடிவு கட்டவில்லை. 1882 ஆகஸ்டில் மான்ட்ரியல் நகரில் நடந்த அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கக் கூட்டத்தில், இந்தச் சோதனைகள் முழுவதையும், சறுக்கியது உட்பட, ஒரு நீண்ட கட்டுரையாகப் படித்தார்.

ஒரு இன்ஜினீயராக இதைப் பார்த்தால் மூன்று காரணங்கள் தெரிகின்றன. ஒன்று, தேடும் பொருளைச் சுற்றி என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே யாரும் பார்க்கவில்லை. இரண்டு, பொருள் கருவிக்கு எட்டாத ஆழத்தில் இருந்தது. மூன்று, பொருள் இருந்த பக்கத்தில் தேட அனுமதி கிடைக்கவில்லை. மூன்றாவதுதான் நெஞ்சைக் குத்துகிறது. கருவி நல்ல கருவிதான். அதை எங்கே வைப்பது என்பதை வேறொருவர் முன்பே முடிவு செய்துவிட்டார்.

அந்தக் கோடையில் பெல் வீட்டிலும் ஒரு சாவு விழுந்தது. அவர் வாஷிங்டனில் கருவியோடு போராடிக்கொண்டிருந்த நாட்களில் மேபல் கர்ப்பிணியாக மாசசூசெட்ஸில் இருந்தார். ஆகஸ்ட் 15-ம் தேதி குறைப்பிரசவத்தில் பிறந்த ஆண் குழந்தை மூச்சுவிட முடியாமல் சில மணி நேரத்தில் இறந்தது. அந்தத் துக்கத்திலிருந்து பெல் செய்தது மார்பைச் சுற்றிப் பொருத்தி, காற்றழுத்தத்தை மாற்றி மூச்சுவிட வைக்கும் ஒரு கவசம். பின்னாளில் வந்த இரும்பு நுரையீரலுக்கு அது முன்னோடி.

குண்டு தேடும் வேலையையும் அவர் விடவில்லை. டெலிபோன் ரிசீவரோடு இணைந்த ஓர் ஊசியை அமைத்தார். ஊசிமுனை உள்ளே உலோகத்தைத் தொட்டால் டாக்டரின் காதில் டிக் என்று சத்தம் வரும். எக்ஸ்ரே வந்து பரவும் வரை இந்த ஊசி ராணுவ மருத்துவர்களுக்குக் கைகொடுத்தது. கார்ஃபீல்டுக்கு உதவாதது வேறு யார் யாருக்கோ உதவிற்று.

தங்க வயலுக்கு வந்த வழி

பெல்லின் மீதி வாழ்க்கைக்குப் போகுமுன் நண்பர்களின் கேள்விக்கு வந்துவிடுகிறேன். ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வந்த கெர்ஹார்ட் ஃபிஷர் விமானங்களுக்குத் திசை காட்டும் ரேடியோக் கருவி செய்துகொண்டிருந்தார். உலோகமோ தாதுமண்ணோ அருகில் இருந்தால் கருவி தப்பாகக் காட்டுவதைக் கவனித்தார். அந்தத் தப்பையே தொழிலாக்கி 1931-ல் கலிஃபோர்னியாவில் கம்பெனி தொடங்கி, 1937-ல் கையில் எடுத்துச் செல்லும் டிடெக்டருக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டாம் உலகப் போரில் யோசெஃப் கோசாட்ஸ்கி என்ற போலந்து ராணுவ அதிகாரி கண்ணிவெடி தேடும் கருவியை வடிவமைத்தார். பெல் பிறந்த அதே ஸ்காட்லாந்தில் தங்கித்தான் அவர் அதைச் செய்தார். 1942-ல் எல் அலமீன் போரில் அது பயன்பட்டது. 1980-ல் விக்டோரியாவில் கிங்கோவர் ஊருக்கருகே ஒரு பொழுதுபோக்குத் தேடலில் 27 கிலோ எடையுள்ள தங்கக் கட்டியே டிடெக்டரால் கிடைத்தது. ஹேண்ட் ஆஃப் ஃபெய்த் என்று பெயர். பேராசைக்கு இது போதாதா? ஆனால் அது லாட்டரிப் பரிசு மாதிரி. அதை நம்பிக் கருவி வாங்கக் கூடாது.

சரி, எதை வாங்குவது?

பெல்லின் மூன்று தோல்விகளையே மூன்று கேள்விகளாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: அடியில் என்ன மெத்தை? டிடெக்டர் தங்கத்தைப் பார்ப்பதில்லை. மண்ணுக்கும் அதிலுள்ள உலோகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது கேட்கிறது. ஆஸ்திரேலியத் தங்க வயல்களின் சிவப்பு மண்ணில் இரும்புத் தாது அதிகம். மண்ணே சத்தம் போடும். பெல்லுக்குப் பரப்பு முழுக்க மெல்லிசாகச் சத்தம் வந்ததே, அதே சங்கதி. கருவிகளில் இரண்டு பெரிய சாதி உண்டு. விடாமல் அலையை அனுப்பிக் கேட்பது வி.எல்.எஃப். வகை. விலை குறைவு, எடை குறைவு, இரும்பை ஓரளவு பிரித்துச் சொல்லும். ஆனால் கடுமையான தாதுமண்ணில் திணறும். சொடக்குப் போடுகிற மாதிரி துடிப்பை அனுப்பிவிட்டு, அது அடங்கிய பின் காதைத் தீட்டிக் கேட்பது பல்ஸ் இண்டக்ஷன் வகை. அதற்குள் மண்ணின் குரல் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும்; உலோகத்தின் குரல் மிஞ்சும். தாதுமண்ணில் ஆழம் போவது இதுதான். ஆனால் விலை பல மடங்கு, இரும்புக் குப்பையைப் பிரிப்பதில் சுமார். சாதுவான மண் என்றால் வி.எல்.எஃப். போதும், செம்மண் இரும்புக்கல் பூமி என்றால் பல்ஸ். போகப்போகிற இடத்தின் மண்ணை முதலில் விசாரியுங்கள், பிறகு கடைக்குப் போங்கள். எந்த வகையானாலும் கிரவுண்ட் பேலன்ஸ் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். மண்ணின் சத்தத்தைச் சைபராக்கி முள்ளை நடுவில் நிறுத்துவது அதுதான்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு பெரிசு, எவ்வளவு ஆழம்? நாணயம் தேடும் கருவியைக் கொண்டு தங்கம் தேடப் போய்ப் பலர் வெறுங்கையோடு வருகிறார்கள். மண்ணில் கிடைக்கும் தங்கம் பெரும்பாலும் ஒரு கிராமுக்குக் கீழே. சின்னத் துணுக்குக்கு உயர்ந்த ஃப்ரீக்வென்சி வேண்டும். நாணயக் கருவிகள் பல 5 முதல் 12 கிலோஹெர்ட்ஸ் வரை ஓடும். தங்கத்துக்கென்றே செய்த வி.எல்.எஃப். கருவிகளில் 70 கிலோஹெர்ட்ஸைத் தொடுவதும் உண்டு. சின்ன காயில் சின்னத் துணுக்கைப் பிடிக்கும். பெரிய காயில் பெரிய கட்டியை ஆழத்தில் பிடிக்கும். இரண்டையும் ஒரே காயில் செய்யாது. ஆற்று மணலில் கலந்த தங்கப்பொடிக்கு எந்த டிடெக்டரும் உதவாது. அதற்குத் தட்டில் அலசி எடுக்கும் பழைய முறைதான். பெல்லின் கருவிக்கு எட்டாத ஆழம் எந்தக் கருவிக்கும் ஏதோ ஓரிடத்தில் உண்டு. விளம்பரத்தில் போடும் ஆழம் நல்ல மண்ணில், பெரிய உலோகத்தை வைத்துப் பார்த்த ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய வயல்களில் டிடெக்டர் அதிகமாகத் தோண்டச் சொல்வது ஆணி, தகரம், அப்புறம் ஈயக் குண்டு! பெல் ராப்பகலாகத் தேடிக் கிடைக்காத பொருள் இன்றைக்கு வேண்டாத விருந்தாளி. ஈயத்தின் குரலும் தங்கத்தின் குரலும் கருவிக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே குப்பையை வேண்டாம் என்று ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷன் வசதியை முழுக்க நம்பினால் தங்கமும் போய்விடும். சந்தேகம் வந்தால் தோண்டத்தான் வேண்டும். ஒரு கிலோவிலிருந்து மூன்று கிலோ வரை எடையுள்ள கருவியை நாள் முழுக்க ஆட்ட வேண்டியிருக்கும். கடையிலேயே பத்து நிமிஷம் கையில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நல்ல ஹெட்ஃபோன் ஒன்றும் வாங்குங்கள். மீட்டரின் முள்ளுக்கு முன்னால் காது கண்டுபிடிக்கும். பெல்லும் காதால்தான் தேடினார்.

மூன்றாவது கேள்வி: தேட அனுமதி உண்டா? விக்டோரியாவில் மைனர்ஸ் ரைட் என்ற உரிமம் வேண்டும். 1854-ல் யுரேகா என்ற இடத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் கிளர்ச்சி செய்ததன் பலனாக மறு வருஷம் வந்த உரிமம் அது. அதை வாங்கினாலும் எல்லா இடத்திலும் தோண்ட முடியாது. தனியார் நிலத்தில் உடையவர் சம்மதம் வேண்டும். நம் நாட்டிலோ 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருளைப் பற்றிக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். கருவி இருக்கிறது என்று லீவுக்கு ஊருக்கு வரும்போது இங்கே கிளம்பிவிடாதீர்கள்.

இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் கடையில் கருவியைத் தேர்ந்தெடுப்பது அரை மணி நேர வேலை. தெரியாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தாலும் வலப்பக்கமே தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மீதி வாழ்க்கை

பெல் அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். கனடாவில் நோவாஸ்கோஷியா மாநிலத்தின் பேடெக் ஊரருகே நிலம் வாங்கிப் பெரிய வீடு கட்டினார். முக்கோணக் கூடுகளை அடுக்கிப் பிரம்மாண்டமான பட்டங்கள் விட்டார். 1907-ல் இளைஞர்கள் நால்வரைச் சேர்த்து விமானச் சங்கம் அமைத்தார். 1909 பிப்ரவரி 23-ல் அவர்களுடைய சில்வர் டார்ட் விமானம் பேடெக்கின் உறைந்த ஏரிமேல் பறந்தது. கனடா மண்ணிலிருந்து எழும்பிய முதல் விமானம் அதுதான். 1919-ல் நீருக்கு மேல் எழும்பி ஓடும் அவர்களுடைய படகு மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அப்போது பெல்லுக்கு வயசு எழுபத்திரண்டு!

அவர் வாழ்க்கையில் எல்லாமே புகழத் தக்கது என்று எழுதினால் நேர்மை ஆகாது. பார்வையும் கேட்கும் திறனும் இழந்த சிறுமி ஹெலன் கெல்லரின் தந்தைக்குச் சரியான பள்ளிக்கு வழி காட்டியவர் பெல். அதே பெல், காது கேளாதோர் சைகை மொழியை விட்டுவிட்டு உதட்டைப் பார்த்துப் பேசவே கற்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அவர்கள் தங்களுக்குள் மணந்துகொள்வது நல்லதல்ல என்றும் 1883-ல் ஓர் ஆய்வுரை எழுதினார். அதனால் ஏற்பட்ட காயம் அந்தச் சமூகத்தில் இன்றும் ஆறவில்லை. ஜனாதிபதியின் படுக்கையருகே தன்னை ஒரே பக்கம் தேட விட்டார்கள் என்பதை அனுபவித்தவர், இந்த விஷயத்தில் தானும் ஒரே பக்கம்தான் கேட்டார்.

1922 ஆகஸ்ட் 2-ம் தேதி, தன் பேடெக் வீட்டில், எழுபத்தைந்தாம் வயதில் பெல் காலமானார். அடக்கம் நடந்த நேரத்தில் வட அமெரிக்காவின் டெலிபோன்கள் ஒரு நிமிஷம் மௌனமாக இருந்தன.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நாளை நீங்கள் செய்கிற கருவி லேபில் அழகாக ஓடும். வேலை செய்ய வேண்டிய இடத்தில் அதன் அடியில் எந்த மெத்தை இருக்கிறது என்று படுக்கை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று மேலே இருக்கிறவர் சொன்னால், இன்னொரு பக்கமும் பார்த்துவிடலாமே என்று ஒரு முறையாவது வாய் திறந்து கேளுங்கள். கேட்டும் விடாவிட்டால், பெல்லைப் போல நடந்ததை நடந்தபடி எழுதி வையுங்கள். அடுத்து வருகிற இன்ஜினீயருக்கு அது உதவும்.

ஆஸ்திரேலிய நண்பர்களே, தங்கம் கிடைத்தால் சங்கத்தின் கட்டட நிதியை மறந்துவிடாதீர்கள். வாழ்க நம் கல்லூரி!